சிவப்பு நூல் ஒரு சுற்று

அஜந்தா வென்றவற்றை வரிசை தவறாமல் சொல்ல வேண்டும். 1991 ஐப்பசியில், ஏழு வயதில், தாயோடும் அண்ணனோடும் புங்குடுதீவை விட்டு இடம்பெயர்ந்தபோது வழியில் நெருப்புக்காய்ச்சல் கண்டது. பதினொரு நாள் கண் திறக்காமல் கிடந்தவள் பன்னிரண்டாம் நாள் எழும்பிக் கஞ்சி கேட்டாள். அதன் பிறகு ஆறு இடம் மாறினார்கள். ஆறிலும் தாயை ஒரு நேரமும் பட்டினி போடாமல் பார்த்தவள் அவள்தான். 2010 இல் திரும்பி வந்தபோது குசினிக்குள் ஒரு வேப்பமரம் கூரைக்கு மேலே வளர்ந்து நின்றது. அதை அவளே தறித்தாள். எருக்கம்பால் கண்ணில் பட்டு வலது கண் பதினெட்டு நாள் மூடியிருந்தும் பார்வையை விட்டுக்கொடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மலையையும் நேரில் கண்டிராத அவள், சுவிசில் மரமும் முளைக்காத உயரத்திலுள்ள ஏரிகளில் ட்றவுட் என்ற மீனை ஏமாற்றும் பூச்சியைப் புங்குடுதீவிலிருந்து கட்டி அனுப்பினாள். அந்த மீன் அதை நம்பி வாயைத் திறந்தது.

படிப்பை மட்டும் அவளால் வெல்ல முடியவில்லை. அது இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. வஸ்ஸின் பலகையைப் பார்த்து எங்கே போகிறதென்று சொல்லுவாள். எழுதத் தெரியாது.

எழுத்து வேலையெல்லாம் அண்ணன் கோபிசங்கருடையது. முகாமில் நிவாரண அட்டைக்குக் கையெழுத்து வைக்கத் தாய்க்குக் கை நடுங்கும். பதினான்கு வயதுக் கோபிசங்கர் மூன்று பேருக்கும் சேர்த்து வைத்தான். வரிசையில் நின்ற எல்லாக் குடும்பத்திலும் யாரோ ஒருவர் அப்படித்தான் எல்லோருக்கும் வைத்தார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை. முகாம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. அடையாள அட்டைக்கு மட்டும் அஜந்தாவின் பெருவிரல். காணிக் கடதாசி, மின்சாரம், தாயின் மரணப் பதிவு எல்லாவற்றிலும் அவளுக்காக அண்ணன் கையெழுத்து.

கோபிசங்கர் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ஆனால் எழுத்தில் பிசகு விடாதவன். குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுக்குப் போகும் ஒரு தனியார் படகில் ஏறுபவர்களின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கொப்பியில் எழுதுவது அவன் தொழில். கடல் கொந்தளிக்கிற நாளிலும் அவனுடைய எழுத்து கோட்டை விட்டு இறங்காது.

2018 ஆனியில், நயினாதீவுத் திருவிழாவுக்கென்று மாமாவின் மகன் றஜீபன் சுவிசிலிருந்து வந்தான். அஜந்தாவுக்கு இரண்டு வயது இளையவன். தன் உயரத்துக்கு ஒரு முதுகுப்பை கொண்டுவந்தான். அதற்குள்ளே கூடாரம், சிறு அடுப்பு, மூன்றாக மடங்கும் தூண்டில் தடி, ஒரு சின்னப் பெட்டி. அஜந்தா பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஈயைப் போலச் சின்னச் சின்னப் பூச்சிகள்.

"இதென்ன மச்சான், இலையானைப் பிடிச்சு அடைச்சு வைச்சிருக்கிறீர்?"

"இலையானில்லை மச்சாள். தூண்டில் முள்ளிலை இறகு கட்டினது. தூண்டில் பூச்சி."

அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முள் ஒரு நெல்லின் அளவுகூட இல்லை. "இதுக்கு ஒரு கீளிமீன் குஞ்சும் வராது."

"கீளிக்கில்லை. ட்றவுட்டுக்கு. அது குளிர்த் தண்ணி மீன். மலை ஏரியிலை தண்ணி கண்ணாடி மாதிரி. மீன் கீழை நிண்டு மேலை பாத்துக்கொண்டு நிக்கும். பூச்சி வந்து தண்ணியிலை இருந்தா எழும்பி வந்து எடுக்கும். அப்ப நாங்கள் கட்டுற பூச்சி மிதக்கவேணும், உயிர்ப் பூச்சி மாதிரி இருக்கவும் வேணும்."

"அந்த ஏரிக்கு வஸ் போகுமோ?"

"நடைதான். பையைக் காவிக்கொண்டு ஒரு நாள் ஏற்றம். ஒரு நாள் மீன்பிடி. ஒரு நாள் இறக்கம்."

"எத்தினை மீன் பிடிப்பீர்?"

"ஒண்டு கிடைக்கும். சிலவேளை இரண்டு."

அஜந்தா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியளே அண்ணை, ஒரு மீனுக்கு மூண்டு நாள். இவரை எங்கட கடலிலை களங்கட்டி வலைக்கு விட்டா ஊர் முழுக்கப் பட்டினி."

றஜீபன் சிரித்தபடி தன் பணப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினான். "பகிடி பண்ணாதேங்கோ. அங்கை அந்த ஒரு மீனைப் பிடிக்கவும் சோதினை எழுதி, கையெழுத்து வைச்சு, இந்த அட்டை எடுக்கவேணும்."

அடுத்த நாள் பூனை பெட்டியைத் தட்டி விழுத்தி, ஒரு பூச்சியைக் காலால் உருட்டி உருட்டிக் குதறிவிட்டது. அது கடைசியாக மிஞ்சியிருந்த நல்லதொன்று என்று றஜீபன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திருவிழாவுக்குப் போனான். அஜந்தா குதறிய பூச்சியை எடுத்து, நூலைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் வெள்ளைச் சீலையில் வரிசையாக வைத்தாள். எது முதலில் கட்டப்பட்டது, எது கடைசி என்று பார்த்துக்கொண்டாள். தன் சிவத்த சேவலின் கழுத்திலிருந்து இரண்டு இறகு எடுத்தாள். உடம்புக்கு இருந்த பஞ்சு நைந்துபோயிருந்தது. கொல்லையில் எருக்கலைச் செடி காய்த்து நின்றது. காய் வெடித்தால் பஞ்சு காற்றில் போகும். வெடிப்பதற்கு முதல் நாள் பறித்தால் பட்டுப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தேன்மெழுகு பூசிய நூலோடு திரித்துச் சுற்றினாள். கட்டிமுடித்த தலையில், அடையாளத்துக்கு, சிவப்பு நூலில் ஒரே ஒரு சுற்று.

றஜீபன் திரும்பி வந்தபோது அது வாளித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அவன் விரலால் அமுக்கினான். மேலே வந்தது. பிறகும் அமுக்கினான். பிறகும் வந்தது.

"இதுக்கு என்ன போட்டனீங்கள் மச்சாள்?"

"எருக்கலை. எங்கட ஊரிலை ஆடுகூடக் கடியாது."

அந்த ஆவணியில் முதல் வீடியோ வந்தது. கல்லும் பனியுமான ஓர் இடம். நடுவே கறுப்பாக ஒரு சிறிய ஏரி. கடல் மட்டத்திலிருந்து 2,310 மீற்றர் என்று றஜீபன் சொன்னதைக் கோபிசங்கர் கலண்டரில் குறித்தான். தண்ணீரில் ஒரு புள்ளி மிதந்தது. கீழிருந்து ஒரு நிழல் நேராக எழுந்தது. புள்ளி காணாமல் போனது. அஜந்தா அதைப் பதினான்கு தரம் பார்த்தாள். பிறகு தொலைபேசியில் சொன்னாள்: "மீனைப் படமெடுத்தது காணும் மச்சான். இனிப் பூச்சியைக் கிட்டவா எடுத்து அனுப்பும். இடப்பக்க இறகு தண்ணி குடிக்குது போலக் கிடக்கு."

அது உண்மைதான் என்று றஜீபன் பிறகு சொன்னான். அங்கே நின்று பார்த்த தனக்குத் தெரியாதது இங்கே இருந்த அவளுக்குத் தெரிந்ததென்று ஆச்சரியப்பட்டான்.

அன்றிலிருந்து அவன் முள் அனுப்புவான், அவள் கட்டி அனுப்புவாள். முதலில் ஒன்றுக்கு நாற்பது நிமிடம் சென்றது. பிறகு பதினொரு நிமிடம். ஒவ்வொரு பூச்சியும் ஒரு முழு இரவு வாளியில் கிடக்க வேண்டும். விடிய அடியில் கிடந்தால் கழற்றிவிடுவாள். றஜீபன் அங்கே அவற்றை விற்கிற காசில் அவளுடைய பங்கும் ஒழுங்காக வந்தது; அதில் குறை சொல்ல ஏலாது. ஆனால் அவள் கேட்டது வேறொன்று.

"உங்கை ஒவ்வொரு பூச்சிக்கும் பேர் இருக்கெண்டு சொன்னனீர். இதுக்கு என்ன பேர்?"

"இதென்ன கேள்வி மச்சாள்? அஜந்தா. பெட்டியிலை உங்கட பேர்தான் வரும்."

அவள் அன்று மாலை கோழிக்குத் தீன் போடும்போது தன் பேரைத் தானே ஒரு தரம் சொல்லிப் பார்த்ததைக் கோபிசங்கர் கேட்டான். அதன் பிறகு எந்தப் பொதி வந்தாலும் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பேர் போட்ட பெட்டி வந்திட்டுதோ அண்ணை?" வரவில்லை. அச்சடிக்கக் கொடுத்திருக்கிறது என்றான் றஜீபன். பிறகு கொரோனா என்றான்.

2022 ஆனியில் றஜீபன் மறுபடி வந்தான். இம்முறை மனைவி துஷாந்தினியும் வந்தாள். நயினாதீவுப் படகு புறப்பட நின்ற நேரம், குறிகட்டுவான் துறையில் சனம் நெரிந்தது. அஜந்தா அவர்களுக்குக் கட்டிய புட்டுப் பொதியோடு நிழலில் நின்றாள். றஜீபன் பையிலிருந்து நான்கு தாள் எடுத்துக் கோபிசங்கரின் கொப்பிக்கு மேலே வைத்தான்.

"அத்தான், பூச்சி அனுப்பிறதுக்கான கடதாசி. சுங்கத்துக்குக் காட்டவேணும். மச்சாளுக்குப் பதிலா நீங்கள் கையெழுத்து வைச்சாக் காணும்."

எழுத்தெல்லாம் ஜெர்மன். கோபிசங்கர் ஒரு அட்டை எண்ணை இரண்டு தரம் சரிபாராமல் எழுதாதவன். அன்று ஒரு சொல்லையும் கேட்கவில்லை. தன் கையெழுத்து சுவிசுக்குப் போகிறது என்ற பெருமை அவனுக்கு. நான்கு தாளிலும் வைத்தான். நான்காவதில் அழகாக அடியில் ஒரு கோடும் இழுத்தான்.

அஜந்தா பொதியோடு கிட்ட வந்தாள். "என்னண்ணை எழுதினனீங்கள்?"

"உன்ர அலுவல்தான் பிள்ளை. படகு வெளிக்கிடப்போகுது, புட்டைக் குடு."

பத்து மாதம் கழிந்தது. 2023 சித்திரையில், உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை, நெடுந்தீவுப் படகுக்கு ஒரு பெடியன் வந்தான். டிலோன் என்று பெயர், சொந்த ஊர் அல்லைப்பிட்டி, வசிப்பது சுவிஸ். கோபிசங்கர் எண்ணை எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அவனுடைய தொப்பியில் ஒரு பூச்சி குத்தியிருந்தது. தலையில் சிவப்பு நூல் ஒரு சுற்று.

"தம்பி, இது எங்கை வாங்கினனீர்?"

"உங்களுக்கும் பூச்சி தெரியுமோ அண்ணை? இது மலை ஏரிக்குப் போறவங்களிட்டை இப்ப நல்ல பேர். தாழவே தாழாது. எங்கட தீவுப் பொம்பிளை ஒராள்தான் கட்டுறா. அங்கை சுவிசிலை இருக்கிறா."

"என்ன பேர்?"

"துஷாந்தினி." அவன் தொலைபேசியைத் திறந்து காட்டினான். மேசையில் இறகுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, கையில் ஒரு முள்ளோடு துஷாந்தினி சிரித்தாள். கீழே எழுதியிருந்ததை டிலோன் வாசித்துத் தமிழில் சொன்னான். சிறுவயதில் தகப்பனிடம் பழகியதாம். ஒவ்வொன்றையும் தன் கையால் கட்டுகிறாளாம். பெட்டியின் பெயரும் துஷாந்தினி.

கோபிசங்கர் பின்னால் நின்றவரின் எண்ணை எழுதினான். ஒரு இலக்கத்தை மாற்றி எழுதி, வெட்டித் திருத்தினான். ஒன்பது வருடத்தில் அவன் எழுதிய கொப்பிகளில் அதுதான் முதல் வெட்டு. டிலோன் போகும்போது பூச்சி வந்த வெறும் பெட்டியையும் தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டுப் போனான்.

அன்று மாலை துறையில் நின்றபடியே கோபிசங்கர் றஜீபனுக்குத் தொலைபேசி எடுத்தான்.

"அத்தான், நீங்கள் கையெழுத்து வைச்சுத்தானே தந்தனீங்கள்?" றஜீபனின் குரலில் பதற்றமில்லை. "கட்டுற முறை, பேர், விக்கிற உரிமை எல்லாம் எங்களுக்கெண்டு அதிலை தெளிவாக் கிடக்கு."

"சுங்கத்துக்கெண்டெல்லோ சொன்னனீர்?"

"சுங்கத்துக்கும்தான். அங்கை கதை இல்லாமல் ஒண்டும் விலைப்படாது அத்தான். முகம் காட்ட ஆள் வேணும். மச்சாள் வந்து நிண்டு ஜெர்மன் கதைப்பாவோ?"

"பேர் போட ஜெர்மன் தேவையில்லைத் தம்பி."

"இப்ப என்ன, காசிலை குறை வைச்சனானோ?"

கோபிசங்கர் தொடர்பைத் துண்டித்தான். மாமாவின் மகன், தன் வீட்டில் தின்று படுத்தவன், தன்னுடைய கொப்பியையே மேசையாக்கித் தன்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அதைவிடக் கனமாக இருந்தது வீட்டுக்குப் போகும் வழி.

அவன் அதை அஜந்தாவிடம் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை. நாலாம் நாள் அஜந்தா உடுப்புத் தோய்க்கும்போது சேட்டுப் பையில் பெட்டி அகப்பட்டது. ஈரக் கையோடு கொண்டுவந்து அவனுக்கு முன்னால் வைத்தாள். மூடியில் பூச்சியின் படம் பெரிதாக அச்சடித்திருந்தது.

"இது என்ர சுத்து." விரலை எழுத்துக்கு நகர்த்தினாள். "இது என்ர பேரோ?"

"இல்லை."

"ஆரின்ரை?"

"துஷாந்தினியின்ரை."

அஜந்தா கதிரையில் இருந்தாள். கையிலிருந்து தண்ணீர் நிலத்தில் சொட்டியது. கோபிசங்கர் எல்லாவற்றையும் சொன்னான்: டிலோன் காட்டிய படம், நான்கு தாள், ஜெர்மன், சுங்கம் என்று சொன்னது. அடியில் இழுத்த கோட்டை மட்டும் சொல்லவில்லை.

அவள் றஜீபனைத் திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான்.

"அண்ணை, அண்டைக்கு நான் பக்கத்திலைதானே நிண்டனான்?"

"ஓம்."

"கேட்டனான். என்ன எழுதினனீங்களெண்டு கேட்டனான்."

"ஓம் பிள்ளை."

"அவன் ஏமாத்தினது உங்களை. நீங்கள் என்னைக் கேக்கேல்லை." எழும்பிப் போய் உடுப்பைப் பிழியத் தொடங்கினாள்.

அதன் பிறகு அவள் பூச்சி கட்டவில்லை. சமைத்தாள், கோழியைப் பார்த்தாள், அண்ணனுக்குச் சாப்பாடு போட்டாள். ஒரு சொல்லும் கூட்டிக் குறைக்கவில்லை. பேர் போட்ட பெட்டியைப் பற்றி மட்டும் பிறகு கேட்கவேயில்லை. அந்தக் கேள்வி இல்லாத வீட்டில் இருப்பது கோபிசங்கருக்கு ஏச்சு வாங்குவதைவிடக் கடினமாக இருந்தது.

வைகாசி கடைசியில் றஜீபன் தொலைபேசி எடுத்தான். அவள் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு மரக்கறி வெட்டினாள்.

"மச்சாள், சீசன் தொடங்குது. பூச்சி வரேல்லை."

"முள்ளு முடிஞ்சுது."

"இருநூறு அனுப்பினனானே."

"அப்ப இறகு முடிஞ்சுது."

"சேவல் செத்திட்டுதோ?"

"சேவல் சுகம். துஷாந்தினிக்கு இறகு பிடுங்கத் தெரியும்தானே. படத்திலை நல்லாத்தான் பிடிச்சிருக்கிறா."

றஜீபனின் குரல் தணிந்து வந்தது. "பேரிலை என்ன மச்சாள் கிடக்கு? பூச்சி உங்கட கைதானே."

"பேரிலை ஒண்டுமில்லையெண்டா என்ர பேரைப் போட்டிருக்கலாமே மச்சான்."

அங்கே துஷாந்தினி எருக்கலைப் பஞ்சு எடுப்பித்துக் கட்டிப் பார்த்தாளாம். வெடித்த காயின் பஞ்சு. இரண்டு வீச்சில் தாழ்ந்துவிட்டது. காயை எந்த நாளில் பறிப்பதென்று கேட்டு இரண்டு முறை செய்தி வந்தது. அஜந்தா சொல்லவில்லை.

ஆவணியில் கோபிசங்கரின் தொலைபேசிக்கு ஒரு கடதாசி வந்தது. ஒரு பெரிய கடை பூச்சியை எடுக்கப் போகிறதாம். வேறு கைகள் கட்டுவதென்றால் அவர்களின் ஒப்பமும் வேண்டுமாம். அஜந்தா, துஷாந்தினியிடம் பழகி, துஷாந்தினிக்குக் கீழே வேலை செய்யும் உதவியாள் என்று அதில் எழுதியிருந்தது. இம்முறை தமிழ். 'முந்தி மாதிரி நீங்கள் வைச்சு அனுப்புங்கோ அத்தான்' என்று றஜீபன் கீழே போட்டிருந்தான்.

கோபிசங்கர் அதை அச்செடுத்து வந்து, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை அவளுக்கு வாசித்தான். பேனையை எடுக்கவில்லை. "வைக்கச் சொன்னாலும் வைக்கமாட்டன்," என்றான்.

"நீங்கள் வைக்கவும் வேண்டாம், வைக்காமல் விடவும் வேண்டாம். அது என்ர அலுவல். உதிலை வைச்சிட்டுப் போங்கோ."

அடுத்த கிழமை கலண்டரில் கிழித்த தாள்கள் குப்பைக்குப் போகாததைக் கோபிசங்கர் கவனித்தான். அவை அலுமாரித் தட்டில், அவளுடைய அடையாள அட்டைக்குக் கீழே அடுக்கியிருந்தன. பின்பக்கங்களில் பென்சிலால் அட்டையிலிருந்த பெயரைப் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தாள். முதல் தாளில் 'ஜ' கவிழ்ந்து கிடந்தது. கடைசித் தாளில் நிமிர்ந்துவிட்டது. அவன் அடுக்கைக் குலைக்காமல் அப்படியே வைத்தான். சொல்லித்தரவா என்று கேட்க வாயெடுத்தவன் கேட்கவில்லை.

இடையில் டிலோனோடு அவளே தொலைபேசியில் கதைத்திருந்தாள். சிவப்புச் சுற்றின் கதையைக் கேட்டு அவன் தன் தொப்பியிலிருந்த பூச்சியைப் படமெடுத்து, தன்னோடு மலையேறும் கூட்டாளிகளுக்கு அனுப்பியிருந்தான். இருபத்துநாலு பூச்சி கேட்டார்கள். அவளுடைய பேரில், அவளிடமிருந்து. அதற்கு முதலில் அந்தப் பேரில் ஒரு தொழில் பதிவு வேண்டும் என்று அவன் சொன்னான்.

றஜீபனின் கடதாசியை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, வேலணையில் உள்ள அலுவலகத்துக்கு அவள் காலை வஸ்ஸில் போனாள். வரவேண்டாம் என்று சொல்லாததால் கோபிசங்கரும் பின்னால் ஏறினான். தொழிலின் பெயர் என்னவென்று எழுத்தர் கேட்டார்.

"அஜந்தா தூண்டில் பூச்சி."

"தூண்டில் பூச்சியோ? அதென்ன அம்மா?"

அவள் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். எழுத்தர் தட்டிவிடக் கை ஓங்கி, பிறகு குனிந்து பார்த்துச் சிரித்தார். படிவத்தை நிரப்பினார். துஷாந்தினியின் பெட்டியையும் பழைய கடதாசியையும் பற்றி அவள் கேட்டாள். "அங்கை விக்கிறதை நாங்கள் மறிக்க ஏலாது. இங்கை நீங்கள் உங்கட பேரிலை செய்யிறதை ஒருத்தரும் மறிக்க ஏலாது," என்றார். பிறகு அவளுடைய அடையாள அட்டையில் பெருவிரல் அடையாளத்தைக் கண்டு, பழக்கத்தில் மைப்பெட்டியை அவளுக்கு முன்னால் தள்ளினார்.

அவள் அதைத் திருப்பித் தள்ளினாள். "பேனை தாங்கோ."

நான்கு எழுத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேலே சென்றது. வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். 'தா'வின் காலைக் கீழே இழுத்து முடித்துவிட்டு, ஈரம் காயும்வரை தாளைத் தொடவிடாமல் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

"சாட்சிக்கு ஒராள் வைக்கவேணும்," என்றார் எழுத்தர்.

கோபிசங்கர் சேட்டுப் பையிலிருந்து பேனையை எடுத்து மூடியைக் கழற்றினான். அஜந்தா அவனைப் பார்த்தாள். பார்வையில் கோபமில்லை. அவனைத் தாண்டித் திரும்பி, கருவாட்டுத் தொழில் பதிய வந்து வரிசையில் நின்ற கேதீஸ்வரி என்ற முன்பின் தெரியாத பெண்ணைக் கேட்டாள். "அக்கா, இதிலை ஒருக்கால் வைச்சுத் தாறியளே? வாசிச்சுப் பாத்திட்டு வையுங்கோ."

கேதீஸ்வரி வாசித்துப் பார்த்துவிட்டு வைத்தாள். கோபிசங்கர் பேனையை மூடினான். திரும்பும் வஸ்ஸில் இருவரும் ஒரே ஆசனத்தில் இருந்தார்கள். அவள் யன்னல் பக்கம், மடியில் படிவத்தின் பிரதி. அவன் அதைக் கேட்டு வாங்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே அவளுடைய பெயரையும், அதற்குப் பக்கத்தில் எழுத்தர் போட்டிருந்த திகதியையும் வாசித்தான்: 2023 செப்ரெம்பர் 14, வியாழக்கிழமை.